கசியானோவின் பங்கு

மூன்றாவது முறையாகவும் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து என் பட்டறை வாசலில் நிறுத்தினார்கள். இழுத்து வந்த லாரிக்காரன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "என்ன நெமேசியோ, உன் பசீலியா எங்கேயும் நிக்க மாட்டேங்கறா போலிருக்கே" என்று பல்லைக் காட்டினான். வண்டியின் முன் கண்ணாடிக்கு மேலே என் தங்கை பெயரைத்தான் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தோம். கையிலிருந்த ஸ்பேனரை அவன் மண்டை மேல் எறியாமல் இருந்ததற்கு அவன் எனக்குக் கடன்பட்டிருக்கிறான்.

கசியானோ இறங்கினான். என் தங்கை பசீலியாவின் புருஷன். வண்டியின் இடது பக்கம் முழுக்க மலைச்சுவரில் உரசி, நான் பார்த்துப் பார்த்து அடித்த பச்சைப் பெயின்ட் வாழைப்பட்டை உரித்த மாதிரி உரிந்து கிடந்தது. பெயின்ட் போகட்டும், கழுதை. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பட்டறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றான்.

"மச்சான், ஒண்ணே ஒண்ணு சொல்லு. குறை வண்டியிலயா, இல்ல என் கால்லயா?"

"உள்ள வந்து தேத்தண்ணி குடிடா முதல்ல" என்று கத்தினேன்.

இந்த பிக்கப் ஐம்பத்தாறாம் வருஷத்து மாடல். ஒருரோ ஊர்ப் பக்கம் மூடிப்போன ஒரு சுரங்கத்து முற்றத்தில் கோழி அடைக்க வைத்திருந்தார்கள். நானும் கசியானோவும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்து, கோழி எச்சத்தைச் சுரண்டி, என்ஜினைப் பிரித்து, தகரத்தைத் தட்டி, பிரேக்கைப் புதிதாகக் கோத்து அதற்கு உயிர் கொடுத்தோம். கசியானோ எங்கள் மேட்டு ஊர் எல் ஆல்த்தோவில் உருளைக்கிழங்கும், பனியில் உறைய வைத்துக் காயப்போட்ட சுன்யோ கிழங்கும் ஏற்றிக்கொண்டு லா கும்ப்ரே கணவாயைத் தாண்டி யுங்காஸ் பள்ளத்தாக்குக்கு இறங்குவான். அங்கிருந்து ஆரஞ்சும் கோகா இலையும் ஏற்றிக்கொண்டு வருவான். பசீலியாவும் கூடவே போவாள். சரக்கை விற்பது அவள்தான். இவனுக்கு ஒரு மூட்டையைக்கூட விற்கத் தெரியாது, சும்மா கொடுத்துவிட்டு வருவான்.

நோய் என்னவென்றால் இதுதான். இங்கே மேட்டில் பிரேக் கல் மாதிரி இருக்கும். மிதித்தால் மூக்கு கண்ணாடியில் இடிக்கும். யுங்காஸ் இறக்கத்தில் பாதி தூரம் போனதும் பெடல் பஞ்சாகி, சொத்தென்று தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று அந்த ரோட்டில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கியரைக் குறைத்து, மலைச்சுவரில் உரசி, எப்படியோ நிறுத்தியிருக்கிறான். அப்புறம் அரை நாள் போட்டு வைத்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி பெடல் திரும்பவும் கல்!

நோயாளி வைத்தியன் முன்னால் மட்டும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தால் வைத்தியன் என்ன செய்வான்? முதல் தடவை பைப்பில் காற்று புகுந்திருக்கும் என்று ஏர் எடுத்தேன். வந்த பிரேக் ஆயில் கஞ்சித் தண்ணி மாதிரி கலங்கலாக இருந்தது. ஆயில் விற்ற கடைக்காரனிடம் போய், "கலப்படமாடா விக்கிறே?" என்று சட்டையைப் பிடித்தேன். இரண்டாம் தடவை வேறு கடையில் சீல் உடைக்காத டப்பா வாங்கினேன். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி ரப்பர் வாஷரெல்லாம் மாற்றினேன். ஹோஸ் நான்கும் புதுசு. இதோ, மூன்றாம் தடவை. சக்கரத்து டிரம்மைத் திறந்தால் பிரேக் ஷூ நன்றாக இருக்கிறது. பைப்பில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஆயில் மட்டும் மறுபடியும் கலங்கல். அந்தக் கடைக்காரனையும் போய்த் திட்டிவிட்டு வந்தேன். அவன் பாவம், கண் கலங்கிவிட்டான்.

சாப்பாடு இறங்கவில்லை. மேசையில் உட்கார்ந்தால் என் வலது கால் தன்பாட்டுக்குத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. "சூப்பு தட்டு எங்கேயும் ஓடிராது, பிரேக் போடாம சாப்பிடு" என்றாள் என் மனைவி. தெருவில் எவன் வண்டி பிரேக் போட்டாலும் என் கழுத்து திரும்பியது. ஒரே நட்டை முறுக்குவேன், நான்கு அடி நடப்பேன், திரும்பி வந்து அதே நட்டை முறுக்குவேன். பைத்தியக்கார வேலை. தெரிந்தேதான் செய்தேன்.

மறுநாள் காலையில் தோன் அபுந்தியோ வந்தார். லாரி, பிக்கப் ஓட்டுகிறவர்கள் சங்கத்துச் செயலாளர். தொந்தியும் தொப்பியுமாக வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நம்ம கசியானோவுக்கு பிரேக் கோணல்" என்றபடி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். காலை நீட்டிப் பெடலை ஒரு மிதி மிதித்தவர், முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார். "அடேயப்பா! சாராயக்கடை தோத்துச்சு!"

பசீலியா பாவாடையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். "அது சல்யா பண்ணின வாசனைய்யா. பூமியம்மாவுக்கு ஊத்தினது. நீங்க ஊத்தறதில்லையா?"

"ஏன் ஊத்தாம? என் வண்டியும்தான் வெள்ளிக்கிழமை தவறாம பீர்ல குளிக்குது. இப்படியா நாறுது?" அவர் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதே தாயி. உன் புருஷன் முன்னாடி எப்படிக் குடிச்சான்னு ஊருக்கே தெரியும். விட்டுட்டான்னாங்க, சந்தோஷம். ஆனா பிரேக்கு உன் அண்ணன் பட்டறையில பிடிக்குது, நான் மிதிச்சாப் பிடிக்குது, இவன் மிதிச்சா மட்டும் பிடிக்கலைன்னா நான் என்னத்தை நம்பறது?"

"நான் குடிக்கலை" என்றான் கசியானோ. அவ்வளவுதான் சொன்னான். அந்த மடையனுக்குச் சண்டை போடத் தெரியாது.

"வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம். வண்டியில குறைன்னா அந்தக் குறையைக் கொண்டு வந்து மேசை மேல வைங்க. இல்லைன்னா லைன்ல இருந்து அவன் பேரை எடுத்துருவோம். எதிர்ல வர்றவன் உயிர் என்ன கிள்ளுக்கீரையா?"

நியாயமான மனுஷன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அநியாயமாகப் பேசியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

அவர் போனதும் நானே கசியானோவை ஓரமாகக் கூப்பிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தேகம் எனக்கும் வந்துவிட்டது. "மாப்ளே, குளிருக்கு ஒரு மடக்கு... அப்படி இப்படி..."

கிட்ட வந்து, என் மூக்குக்கு நேரே வாயைத் திறந்து, ஹாவென்று ஊதினான். கோகா இலை, வெங்காயம். வேறு ஒன்றுமில்லை.

"தினமும் காலையில பசீலியாகிட்ட இப்படித்தான் ஊதிக் காட்டறேன்" என்றான். "இவ கேக்கறதில்லை. நானா ஊதறேன். இப்ப எனக்கே என் மேல நம்பிக்கை விட்டுப் போச்சு மச்சான். பெடலை மிதிக்கறேனா, இல்ல மிதிக்கற மாதிரி நினைச்சுக்கறேனான்னு குழப்பமா இருக்கு. கால்தான் குறைன்னா சொல்லிரு. வண்டியில பக்கத்துல இவ உக்காந்திருக்கா. நான் வண்டி ஓட்டறதையே விட்டுர்றேன்."

இப்படிச் சொல்பவனை என்ன செய்வது? "வியாழக்கிழமை லோடு ஏத்து. நானும் கூட வர்றேன்" என்றேன். தோன் அபுந்தியோவுக்கும் சொல்லி அனுப்பினேன். "நானும் அன்னிக்குத்தான் இறங்கறேன். பின்னாடியே வர்றேன், என் கண்ணாலயே பாக்கறேன்" என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை காலை மூவரும் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நடுவில் பசீலியா, அவள் மடியில் ஒரு பை. சீட்டுக்குப் பின்னால் என் ஸ்பேனர்களும் புது பிரேக் ஆயில் டப்பாக்களும். லா கும்ப்ரே வரை ஏற்றம்தான், பிரேக்குக்கு வேலை குறைவு. வேண்டுமென்றே நான்கைந்து இடத்தில் நிறுத்தச் சொன்னேன். நின்றது. ஒவ்வொரு முறையும் நின்றது. ஒவ்வொரு முறை நின்றதும் எனக்குக் கவலை கூடிக்கொண்டே போனது. நிற்கிற வண்டியில் எதைத் தேடுவது?

"அண்ணே, காலை எடு. என் காலை மிதிக்கறே" என்றாள் பசீலியா. குனிந்து பார்த்தேன். என் பக்கத்தில் பெடலே கிடையாது. நான் அவள் பாதத்தைத்தான் பிரேக்காக அழுத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

கணவாயில் கிறிஸ்து சிலை பக்கம் வண்டியை ஓரங்கட்டினோம். இறக்கத்தில் கால் வைப்பதற்கு முன்னால் எல்லா வண்டியும் அங்கே நிற்கும். காற்று காதைப் பிய்த்தது. கசியானோ வழக்கம்போல ரொட்டிப் பையை எடுத்துக்கொண்டு ரோட்டோர நாய்களுக்குப் போடப் போனான். நாய்க்குப் போடாமல் எந்த டிரைவரும் அந்த இறக்கத்தில் இறங்கமாட்டான். நான் முன் சக்கரத்தருகே குந்தி டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

பசீலியா பையிலிருந்து பாட்டில்களை எடுத்தாள். நான்கு சக்கரத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினாள். பானெட்டுக்கு ஊற்றினாள். எல்லோரும் செய்வதுதான், நான் கவனிக்கக்கூட இல்லை. அப்புறம் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தரையில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினாள்.

"தாயே, இது கசியானோ பங்கு" என்று அவள் சொன்னது கேட்டது. "அவரு தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாரு. அவருக்கு உண்டானதையும் நீயே குடிச்சுக்க. அவரு காலை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்க."

முதலில் சின்ன பாட்டில் சாராயம். அப்புறம் பீர். ஒரு மடக்கு இரண்டு மடக்கு அல்ல, பெடலைச் சுற்றிச் சுற்றி மடமடவென்று ஊற்றினாள். நுரை தரைத் தகரத்தில் ஓடியது, ஒரு இடத்தில் கூடியது, சுழித்தது, காணாமல் போனது.

எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அந்தக் கால வண்டிகளில் பிரேக் ஆயில் ஊற்றுகிற மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலுக்குக் கீழேதான் இருக்கும். ஆயில் ஊற்றுவதற்காகத் தரையில் வட்டமாக ஒரு ஓட்டை. அதன் மூடி கோழிகள் காலத்திலேயே தொலைந்துவிட்டது. விரிப்புதான் மேலே கிடக்கிறதே என்று நான் புது மூடி போடவில்லை.

"அடிப்பாவி! நிறுத்து! நிறுத்துடி!"

நான் போட்ட கூச்சலில் நாய்கள் ரொட்டியை விட்டுவிட்டுக் குரைத்தன. பசீலியா பாட்டிலோடு அப்படியே நின்றாள். நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தேன். சிலிண்டர் மூடி பீரில் குளித்துக்கொண்டிருந்தது. மூடியின் நடுவில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. நுரை அந்தத் துளையில் நின்று, குமிழி விட்டு, மெதுவாக உள்ளே இறங்கியது. என் கண் முன்னாலேயே!

சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் அங்கேயே படுத்துக் கிடந்தேன்.

"மச்சான், என்ன ஆச்சு?" கசியானோ குனிந்து பார்த்தான்.

"ஒரு கரண்டி கொண்டா. ரெண்டு கரண்டி!"

ரோட்டோரத்தில் சூப்பு விற்கிற அம்மாவிடம் ஓடினோம். "என் கரண்டியில வண்டி எண்ணெயா? நல்லாருக்கு நியாயம்!" என்று திட்டிவிட்டு இரண்டு பழைய கரண்டியைக் கொடுத்தாள். "திருப்பித் தராதீங்க, நான் தொட மாட்டேன்."

ஒரு கரண்டியில் டப்பாவிலிருந்து புது ஆயில். இன்னொன்றில் சிலிண்டரிலிருந்து எடுத்தது. இரண்டையும் அவள் அடுப்புத் தணலுக்கு மேலே பிடித்தேன். புது ஆயில் எனக்கென்ன என்று சும்மா கிடந்தது. மற்றது உடனே பொரிய ஆரம்பித்தது. குமிழி விட்டுச் சடசடவென்று தெறித்தது. என் கையில்கூடப் பட்டது.

"பாத்துக்க மாப்ளே. நல்ல ஆயில் சூட்டைத் தாங்கும். பீரு தாங்குமா? இறக்கத்துல நீ பிரேக் மிதிக்க மிதிக்க சக்கரம் கொதிக்குது. பீருல இருக்கற தண்ணி ஆவியாகுது. அப்புறம் நீ மிதிக்கறது ஆயிலை இல்ல, ஆவியை. சொத்துன்னு கீழதான் போகும். ஆறினா ஆவி அடங்கிரும், பெடல் திரும்பக் கல்லு. மேல என் பட்டறைக்கு வர்றப்ப அது உத்தமன்!"

கசியானோ கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப என் காலு?"

"உன் கால் சிங்கக் கால்டா. தோன் அபுந்தியோ சொன்னதுல பாதி நிஜம். குடிச்சிருக்காங்க. ஆனா குடிச்சது நீ இல்ல, வண்டி!"

சூப்புக்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். திரும்பினால் பசீலியா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். பாட்டில் இன்னும் கையில். அவள் தலைத் தொப்பி சாய்ந்து போயிருந்தது, அதைச் சரிசெய்யக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"முதல்ல ஒரு மூடிதான் ஊத்தினேன் அண்ணே" என்றாள். "அவரு பயந்து வந்தாரு. பத்தலை போலிருக்குன்னு ஒரு கிளாஸ் ஊத்தினேன். மறுபடியும் பயந்து வந்தாரு. அப்புறம் முழு பாட்டிலு. நீ ஒவ்வொரு தடவை வண்டியைச் சரி பண்ணிக் குடுத்ததும், வீட்டு வாசல்லயும் இங்கயும்... காப்பாத்துன்னுதானே ஊத்தினேன்? நானே அவரைப் பள்ளத்துல தள்ளப் பாத்திருக்கேனே!"

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. "ஓட்டையை மூடாம விட்ட மடையன் நான்தான். நீ வேண்டினதை நீ வேண்டினே" என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை, அழுதுகொண்டேயிருந்தாள்.

கசியானோ அவள் பக்கத்தில் போய்க் குந்தினான். அவள் கையிலிருந்து பாட்டிலை மெதுவாக வாங்கினான். அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனான். கண்ணை மூடிக்கொண்டு மோந்தான். பசீலியா அழுகையை நிறுத்திவிட்டாள். போய்ப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவன் எழுந்து, முன் சக்கரத்துப் பக்கம் மண்ணில் அதைக் கவிழ்த்தான்.

"தாயே, என் பங்கை இனிமே இங்க வாங்கிக்க" என்றான். "பெடல்கிட்ட வேண்டாம்."

அப்புறம் வேலை. ஆயில் முழுவதையும் வெளியேற்றிப் புதுசு ஏற்ற வேண்டும். பிரேக்கில் ஏர் எடுக்க ஒருவர் சக்கரத்தடியில் படுக்க வேண்டும், ஒருவர் மேலே மிதிக்க வேண்டும், ஒருவர் சிலிண்டரில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மிதிக்க கசியானோ ஏறப்போனான். நான் தடுத்தேன். "அவ மிதிக்கட்டும்."

"நானா? நான் தொட மாட்டேன் அண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

"ஏறு புள்ளே!"

பாவாடையெல்லாம் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கசியானோ பின் சக்கரத்தடியில் படுத்தான். "அமுக்கு!" என்றான். அமுக்கினாள். "பிடி! விடாதே, பிடி!" கீழே குழாயிலிருந்து கலங்கலும் நுரையுமாகப் பீச்சியது. "இப்ப விடு!" மறுபடியும் அமுக்கு, பிடி, விடு. ஒவ்வொரு மிதிக்கும் அவள் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. ஒரு சக்கரம் முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிச் சக்கரத்தில், "தெளிவா வருதுடி, பசீலியா! தண்ணி மாதிரி... சேச்சே, தண்ணி இல்ல, எண்ணெய் மாதிரி!" என்று அவன் கீழேயிருந்து கத்தினான். அப்போதுதான் அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

பழைய டியூபில் ஒரு வட்டம் வெட்டி, தகரம் வைத்து, நட்டு போட்டுத் தரை ஓட்டையை இறுக்கினேன். இனிமேல் கடலே வந்தாலும் உள்ளே போகாது.

இறங்கினோம். தோன் அபுந்தியோவின் லாரி எப்போது வந்து சேர்ந்ததோ, பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. எனக்கு விஷயம் தெரியும், கண்ணால் பார்த்துவிட்டேன், கரண்டியில் சுட்டும் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் என் கால் சும்மா இருக்கவில்லை. வளைவுக்கு வளைவு தரையை மிதித்தேன். ஜன்னல் பக்கம் மேகம் மட்டும்தான் தெரிந்தது. ரோட்டில் பனிமூட்டம் போய் மரம் வந்தது. வெயில் வந்தது. டிரம் சூடேறுகிற வாசனையும் வந்தது.

அருவி ரோட்டில் தெறிக்கிற அந்த வளைவு வந்தது. மூன்று தடவையும் பெடல் தரையோடு போனது அங்கேதான். மலைச்சுவரில் எங்கள் பச்சைப் பெயின்ட் இன்னும் ஒட்டியிருந்தது. பசீலியா என் கையையும் அவன் முழங்காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கசியானோ மிதித்தான்.

வண்டி கப்பென்று நின்றது. பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள் உருண்டு வந்து கேபினில் மோதின. என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். காலை மட்டும் எடுக்கவில்லை. பெடலை அப்படியே அழுத்திக்கொண்டு, குழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான். நடு ரோடு.

பின்னாலிருந்து ஹாரன் அலறியது. தோன் அபுந்தியோ தலையை வெளியே நீட்டி, "என்னய்யா! நடு ரோட்டுல என்ன? மறுபடியும் பிரேக்கா?" என்று கத்தினார்.

பசீலியா என் மேல் ஏறி, ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே போட்டாள்.

"ஆமாய்யா, பிரேக்குத்தான்!" என்று மலையே கேட்கிற மாதிரி கத்தினாள். "பிடிக்குது! அதான் நிக்கறோம்! வந்து என் புருஷன் வாயை மோந்து பாத்துட்டுப் போ!"